32 இதழ் பூ: எந்தச் சக்கரம் போட்டது இது?

செந்தூல் தங்கச்சி | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் அம்மா வீட்டைக் காலி பண்ணிக்கொண்டிருக்கிறோம். சாமி அலமாரிக்கு மேலே, பழைய தீபாவளி பலகார டின்களுக்குப் பின்னால், எங்கள் ஸ்பைரோகிராஃப் பெட்டி கிடைத்தது. 1978இல் கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்த மாமா கொண்டுவந்து கொடுத்தது. தெளிவான பிளாஸ்டிக்கில் பல் வைத்த வளையம் இரண்டு, சின்னதும் பெரிதுமாய்ச் சக்கரங்கள். வளையத்துக்குள் சக்கரத்தை வைத்து, அதன் ஓட்டையில் பேனாவை நுழைத்துச் சுற்றினால் பூ விழும். உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள்.

பெட்டியோடு அண்ணனின் கோடு போடாத நோட்டும் இருந்தது. பக்கத்துக்கு ஒரு பூ. ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருக்கிறார்: ராணிப்பூ, கோயில் கோலம், ஜன்னல் கம்பி. ராணிப்பூதான் எனக்கு நினைவில் நின்றது. பச்சை மையில், அவ்வளவு நெருக்கமாக ஓடும் கோடுகள். இதழை மூன்று தடவை எண்ணினேன், 32.

அண்ணன் பெர்த்தில் இருக்கிறார். இந்தத் தீபாவளிக்கு வருகிறார். அவர் வந்து உட்காரும்போது அந்தப் பூவை மேசையில் புதிதாகப் போட்டு வைக்கணும் என்று ஆசை. ஆனால் சக்கரங்களில் பல காணோம். மீதி இருப்பது 11, பல் எண்ணிக்கை எல்லாவற்றிலும் அச்சடித்திருக்கிறது: 24, 30, 32, 36, 40, 48, 50, 56, 60, 72, 84. அத்தனையும் சுற்றிப் பார்த்துவிட்டேன். 4 வருகிறது, 8 வருகிறது, 16 வருகிறது, 50 சக்கரத்தில் 48கூட வருகிறது. 32 மட்டும் வரவில்லை. அண்ணன் சக்கர எண்ணை எங்கும் எழுதி வைக்கவில்லை.

யாருக்காவது தெரியுமா?

---

அஞ்சடி | ஞாயிறு, இரவு 10.05

அக்கா, பூவைப் பற்றித் தெரியாது. ஆனால் பெட்டி என்றதும் எனக்கு எட்ச் எ ஸ்கெட்ச் (குமிழைத் திருகினால் திரையில் கோடு விழும் விளையாட்டுப் பலகை) ஞாபகம் வந்துவிட்டது. பினாங்கில் லெபோ பாசார் பக்கம் எங்கள் தாத்தா மளிகைக்கடை. கடை வாசல் அஞ்சடியில் (கூரையுள்ள நடைபாதையில்) அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, அந்தச் சிவப்புச் சட்டத்தின் இரண்டு குமிழையும் நாள் முழுக்கத் திருகுவேன். இடது குமிழ் குறுக்கே போகும், வலது குமிழ் மேலும் கீழும். படிக்கட்டு யாருக்கும் வரும். சாய்கோடு வேண்டுமென்றால் இரண்டு கையும் ஒரே வேகத்தில் போகணும். வட்டம்? இரண்டு வருஷம் ஆச்சு. ஒரு கை வேகம் எடுக்கும்போது மற்றக் கை தளரணும், அப்புறம் மாறணும். பின்னாளில் பள்ளியில் சைன், கொசைன் நடத்தியபோது புத்தகத்தைப் பார்க்கவே இல்லை, என் கைக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. கோட்டுக்குப் பக்கத்தில் கோடு, இடைவெளி விடாமல் திரை முழுக்க இழுக்கணும். சாம்பல் நிறத் தூள் பூரா சுரண்டி வந்ததும் கண்ணாடி வழியாக எல்லாம் தெரியும்: குறுக்கே ஒரு கம்பி, நெடுக ஒரு கம்பி, இரண்டும் சேரும் இடத்தில் முள். முள் எழுதுவதில்லை, கண்ணாடியின் உட்புறம் ஒட்டிய அலுமினியத் தூளைச் சுரண்டுகிறது, அவ்வளவுதான். நாம் பார்க்கும் கருப்புக் கோடு உள்ளேயுள்ள இருட்டு! அதைக் கண்டுபிடித்த அன்று நான் தாத்தாவை இழுத்து வந்து காட்டினேன். கடையில் ஆள் நிற்க, அவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

அதைச் செய்தவர் ஆந்த்ரே கஸாஞ் என்ற பிரெஞ்சு மின்பணியாளர். அமெரிக்காவில் ஓஹையோ ஆர்ட் நிறுவனம் 1960இல் விற்க ஆரம்பித்தது.

---

நீலப்பேனா | ஞாயிறு, இரவு 10.31

படிக்க நல்லாதான் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லணும். இந்த மாதிரிப் பேச்சு வரும்போதெல்லாம் "நாங்க விளையாடினோம், நாங்க கண்டுபிடிச்சோம்" என்று வருது. எங்க வீட்டுல இந்தச் சாமானெல்லாம் அண்ணன்மாருக்கு. எனக்குச் சமையல் செட்டு. மைக்ரோஸ்கோப்பைத் தொட்டதுக்கு அடி வாங்கியிருக்கேன். இன்னைக்கு என் மகளுக்கு ரோபோ செட்டு வாங்கிக் கொடுக்கிறேன், அவளே நட்டு முடுக்குறா. அந்தக் காலத்தைவிட இது நல்ல காலம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

---

செந்தூல் தங்கச்சி | ஞாயிறு, இரவு 10.52

நீலப்பேனா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு நோட்டை மறுபடி எடுத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதில் உள்ள ஒரு பூவும் நான் போட்டதில்லை. வளையத்தை அட்டையோடு குத்தி நிறுத்தும் ஊசிகள் முதல் மாதத்திலேயே தொலைந்துபோயின. அப்புறம் ஊசி நான்தான். வளையத்தின் இரண்டு பக்கமும் என் எட்டு விரலால் அழுத்திப் பிடிப்பேன், அண்ணன் சுற்றுவார். "அசையாதே, அசையாதே" என்பார். எனக்கு அப்போது ஏழு வயசு, அவருக்குப் பன்னிரண்டு. ராணிப்பூவைத் தலைகீழாகத்தான் பார்த்திருக்கிறேன், எதிர்ப்பக்கம் உட்கார்ந்து.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரோ என்னவோ. நான் கேட்கவில்லை.

---

கணக்கு டீச்சர் | திங்கள், காலை 6.15

பள்ளிக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன், இரவு முழுக்க இதே யோசனை.

அக்கா, இதழ் எண்ணிக்கை தற்செயலாக வருவதில்லை. உங்கள் சின்ன வளையத்தின் உட்புறம் 96 பல் இருக்கும், பெரியதில் 105. சக்கரம் உருண்டு உருண்டு, கிளம்பின அதே பல்லுக்கு அதே நிலையில் திரும்பும்போதுதான் பூ மூடும். வளையப் பல்லுக்கும் சக்கரப் பல்லுக்கும் பொதுவான மிகப் பெரிய வகுஎண்ணைக் கண்டுபிடியுங்கள் (நாம் பள்ளியில் படித்த மீ.பொ.வ.தான்). வளையப் பல்லை அதால் வகுத்தால் இதழ் எண்ணிக்கை.

உங்கள் 36 சக்கரம்: 96க்கும் 36க்கும் மீ.பொ.வ. 12. 96ஐ 12ஆல் வகுத்தால் 8 இதழ். 50 சக்கரம்: மீ.பொ.வ. 2, ஆகவே 48. நீங்கள் பார்த்ததும் அதுதானே?

இப்போது 32 இதழ் வேண்டும் என்றால் மீ.பொ.வ. 3 ஆக இருக்கணும். அந்தப் பழைய முழு செட்டில் 18 சக்கரம் உண்டு. உங்களிடம் இல்லாதவை 42, 45, 52, 63, 64, 75, 80. இவற்றில் 96உடன் 3 மட்டும் பொதுவாக உள்ளவை 45, 63, 75.

மூன்றில் ஒன்று. அதற்கு மேல் இதழை வைத்துச் சொல்ல முடியாது. நோட்டில் வேறு ஏதாவது குறிப்பு இருக்கிறதா, பாருங்களேன்.

---

ரப்பர் கொட்டை | திங்கள், மதியம் 1.20

சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்த்தேன். எங்களுக்குத் தோட்டத்தில் பெட்டியில் வந்த சாமான் எதுவும் கிடையாது. ஆனா விளையாட்டுக்குக் குறைச்சல் இல்லை. ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரன்னு தேய்ச்சு அடுத்தவன் கையில வெச்சா அலறுவான். உராய்வுல சூடு பிறக்கும்னு எவனும் சொல்லித் தரலை.

அதைவிட அருமையான ஒண்ணு, கொட்டைக் காத்தாடி. கொட்டையில் மேல ஒரு ஓட்டை, கீழ ஒரு ஓட்டை, பக்கத்துல ஒரு ஓட்டை போட்டு, உள்ளே இருக்கிற பருப்பைக் குச்சியால குடைஞ்சு எடுக்கணும். நடுவுல ஈர்க்குச்சி, குச்சியில கட்டின நூல் பக்கத்து ஓட்டை வழியா வெளிய வரும். குச்சி தலையில மூங்கில் பட்டை இறக்கை. நூலை இழுத்தா இறக்கை சுத்தும், விட்டா அது சுத்துற வேகத்துலயே நூலைத் திரும்ப உள்ளே சுருட்டிக்கும். மறுபடி இழு. இறக்கை லேசா இருந்தா நூல் முழுசா திரும்பாது. அதனால கனமான பட்டையா தேடி அலைவோம். பின்னாடி கப்பல் பட்டறையில வேலைக்குச் சேர்ந்து, எஞ்சின்ல ஃப்ளைவீலை (சுத்துற வேகத்தைச் சேமிச்சு வைக்கிற கனமான சக்கரம்) பார்த்ததும், "இது நம்ம கொட்டைக் காத்தாடி இறக்கைதானே!" என்றேன். மேற்பார்வையாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) பெண் பிள்ளைகள் எங்களைவிட நல்லா குடைவாங்க, நீலப்பேனா. விரல் சின்னது. அங்க யாரும் யாரையும் தடுக்கலை. பொருள் விலையில்லாததா இருந்ததாலோ என்னமோ.

---

தண்ணீர்மலை | திங்கள், இரவு 8.02

ரப்பர் கொட்டை அண்ணே, அருமை.

எனக்கு ஒன்று இருக்கிறது: டப்டப் கப்பல். பினாங்குத் தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்கு ஏறும் வழியில் கடை போடுவார்களே, அங்கே வருஷா வருஷம் தகரக் கப்பல் வாங்குவேன். பின்பக்கம் இரண்டு குழாய். குழாயில் தண்ணீர் நிரப்பி, உள்ளே சின்ன மெழுகுவர்த்தி ஏற்றித் தொட்டியில் விட்டால் டப்டப் டப்டப் என்று போகும்.

என் கேள்வி இதுதான், நாற்பது வருஷமாக. கொதித்த நீராவி தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது, கப்பல் முன்னால் போகிறது, சரி. ஆனால் அடுத்த நொடி ஆவி குளிர்ந்து அதே தண்ணீரை அதே குழாயில் உள்ளே இழுக்கிறதே. அப்போது கப்பல் பின்னால் வரணுமே? ஏன் வருவதில்லை?

---

பல்சக்கரம் | திங்கள், இரவு 9.10

தண்ணீர்மலை, ஊதுவதும் உறிஞ்சுவதும் ஒன்றில்லை. மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைக்க முடியாது. செய்து பாருங்கள். வெளியே தள்ளும்போது தண்ணீர் ஒரே திசையில் தாரையாகப் போகிறது. உள்ளே இழுக்கும்போது குழாய் வாயைச் சுற்றி எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது, அந்த வேகமும் உள்ளே கொதிகலத்தில் மோதி நின்றுவிடுகிறது. ஆகக் கணக்கில் மிஞ்சுவது தள்ளல் மட்டும். டப்டப் சத்தம் கொதிகலத்தின் மேல் தகடு புடைத்து அமுங்குவது. 1891லேயே தோமா பியோ என்பவர் இங்கிலாந்தில் இந்த மாதிரிக் கப்பலுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருக்கிறார்.

தங்கச்சிக்கு: நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வார்ப்பு அச்சு, கருவி செய்யும் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். எந்தச் சக்கரம் என்று தெரிந்தால் செய்து தருகிறேன். டீச்சர் மூன்றில் நிறுத்திவிட்டார். எனக்கு ஒரு ஸ்கேல் அளவு போதும். பூவின் நடுப்புள்ளியிலிருந்து இதழின் வெளி நுனி வரை எவ்வளவு? நடுவே காலியாக இருக்கும் வட்டத்தின் விளிம்பு வரை எவ்வளவு? மைகூட ஒரு மில்லிமீட்டரில் பாதி தடிமன் இருக்கும், கவனமாக எடுங்கள். சின்ன வளையத்தின் பல் ஓடும் வட்டத்தின் ஆரமும் வேண்டும்.

---

செந்தூல் தங்கச்சி | செவ்வாய், மாலை 6.48

ஐயா, அளந்து தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

டீச்சர், நீங்கள் கேட்ட குறிப்பு இருக்கிறது! அடுத்த பக்கத்தில் ஐந்து இதழில் ஒரு பூ, தடியாக, செம்பருத்தி மாதிரி. கீழே பென்சிலில் அண்ணன் கையெழுத்து: "ராணி வட்டு, பெரிய வளையம்." நேற்று இதை நான் கவனிக்கவே இல்லை.

இன்னொரு பக்கத்தில் ராணிப்பூ பாதியில் நிற்கிறது, ஒரு கோடு மட்டும் வழி தப்பி ஓடியிருக்கிறது. "சறுக்கிடுச்சு. தங்கச்சி தும்மிட்டா" என்று எழுதியிருக்கிறார்.

---

கணக்கு டீச்சர் | செவ்வாய், இரவு 7.05

63! அக்கா, 63!

பெரிய வளையம் 105 பல். ஐந்து இதழ் என்றால் மீ.பொ.வ. 21. மூன்று பேரில் 45க்கு 15 வரும், அது ஏழு இதழ் போடும். 75க்கும் 15தான், ஏழு இதழ். 63க்கு மட்டும்தான் 21. சின்ன வளையத்தில் 32, பெரிய வளையத்தில் 5, இரண்டும் சேர்ந்து வருவது 63 ஒன்றுக்கே.

நாளைக்கு என் ஆறாம் ஆண்டு வகுப்பில் இதையே பலகையில் போடப் போகிறேன். பன்னிரண்டு வயதுப் பையன் எழுதி வைத்த ஒரு வரி நாற்பது வருஷம் கழித்து விடை சொல்கிறது. எனக்குக் கை நடுங்குகிறது.

---

பல்சக்கரம் | செவ்வாய், இரவு 9.30

டீச்சர் சொன்னது சரி. அளவும் அதையே சொல்கிறது.

வெளி நுனித் தூரத்தையும் உள்வட்டத் தூரத்தையும் கூட்டிப் பாதி எடுத்தேன். கழித்தும் பாதி எடுத்தேன். இந்த இரண்டில் ஒன்று வளைய ஆரத்துக்கும் சக்கர ஆரத்துக்கும் உள்ள வித்தியாசம், மற்றது சக்கர நடுவிலிருந்து பேனா ஓட்டை இருந்த தூரம். வளைய ஆரத்தை 96 பங்காக வைத்தால், ஒரு விடை 33 பங்குக்கு முடி அளவு பிசகி வந்தது. 96இலிருந்து 33 போனால் 63. ஆக எந்தச் சக்கரம் என்பது மட்டுமில்லை, உங்கள் அண்ணன் எந்த ஓட்டையில் பேனா வைத்தார் என்பதும் தெரிந்துவிட்டது.

84 சக்கரத்தையும் 60 சக்கரத்தையும் போஸ் லாஜு விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். துணியில் சுற்றி அனுப்பவும், பழைய பிளாஸ்டிக் நொறுங்கும்.

---

ஜாலான் பாசார் | புதன், காலை 11.15

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டே இருக்கிறேன். எனக்குப் பூவும் இல்லை, கப்பலும் இல்லை, ரேடியோ. புடுவில் ஜாலான் பாசார் கடைகளில் பள்ளிப் பையனாக ஒரு ஜெர்மேனியம் டையோடும் காதுக்குழலும் வாங்கினேன். செம்புக் கம்பியை டிஷ்யூ உருளையில் சுற்றி, கூரையிலிருந்து நீளக் கம்பி, குழாயில் பூமி இணைப்பு. பேட்டரி கிடையாது. ராத்திரி போர்வைக்குள் காதில் வைத்தால் ஆர்.டி.எம். தமிழ் ஒலிபரப்பு கொசு மாதிரி கேட்கும். அலை கொண்டுவரும் சக்தியிலேயே அது பேசுகிறது என்பது இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கும் விஷயம்.

நீலப்பேனாவிடம் ஒரு கேள்வி. மகளின் ரோபோ செட்டு ஓடி முடிந்தபின் அவள் அதைப் பிரிக்கிறாளா?

---

நீலப்பேனா | புதன், இரவு 10.20

பிரிக்கலை. புத்தகத்துல இருக்கிற ஆறு மாடலும் செஞ்சா, அப்புறம் அலமாரியில இருக்கு. உள்ளே சீல் பண்ணின கறுப்புப் பெட்டி, அதைத் திறக்க முடியாது. நானும் அதைப் பத்தி யோசிச்சேன்.

இன்னைக்கு அவகிட்ட இந்த 32 கணக்கைச் சொன்னேன். பாட்டில் மூடி, பால் டின் மூடி, கனமான அட்டை எல்லாத்தையும் எடுத்துப் பல் வெட்ட உட்கார்ந்துட்டா. பல் ஒண்ணுக்கொண்ணு சேரவே மாட்டேங்குது, அழறா, மறுபடி வெட்டுறா. வீடு பூரா அட்டைத் துண்டு. பல்சக்கரம் ஐயா, அட்டையில பல் வெட்ட ஏதாவது வழி இருக்கா?

---

பல்சக்கரம் | அடுத்த வார வியாழன், காலை 7.00

இருக்கிறது. பல் வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். பெட்டி அட்டையின் ஒரு பக்கத் தாளை நனைத்து உரித்தால் உள்ளே நெளிநெளியாக இருக்கும். அதைப் பட்டையாக வெட்டி மூடியைச் சுற்றி, நெளி வெளியே பார்க்க ஒட்டணும். வளையத்துக்கு நெளி உள்ளே பார்க்க. ஒரே அட்டையிலிருந்து எடுத்தால் பல் அளவு ஒன்றாகவே இருக்கும். நெளியை எண்ணி எண்ணி ஒட்டச் சொல்லுங்கள், அப்போதுதான் இதழ் எத்தனை என்று முன்கூட்டியே சொல்லலாம்.

தங்கச்சி, சக்கரங்கள் வந்து சேர்ந்தன. 63 என்பது 84இல் முக்கால். ஆனால் வெளி விட்டத்தை அப்படியே முக்கால் ஆக்கினால் கெட்டுப்போகும், பல்லின் உயரம் எல்லாச் சக்கரத்திலும் ஒன்றுதான். பல் கடித்து ஓடும் நடு வட்டத்தை மட்டும்தான் முக்கால் ஆக்கணும். பட்டர்வொர்த்தில் ஒரு தம்பி லேசர் வெட்டுக் கடை வைத்திருக்கிறார். முதல் சக்கரம் 3 மில்லி அக்ரிலிக்கில் வெட்டினோம், தளர்ந்துபோனது. லேசர் போகிற பாதையில் கொஞ்சம் தின்றுவிடும், அதற்கு ஈடு வைக்கவில்லை. இரண்டாவது 84உடன் சேர்ந்து வெண்ணெய் மாதிரி ஓடியது. நான்கு ஓட்டை போட்டிருக்கிறேன். ராணி ஓட்டைக்குப் பக்கத்தில் ஊசியால் ஒரு புள்ளி கீறியிருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்.

காசு வேண்டாம். பூ வேண்டும், படம் எடுத்துப் போடுங்கள்.

---

செந்தூல் தங்கச்சி | வெள்ளி, இரவு 11.35, மூன்று வாரம் கழித்து

மன்னிக்கணும், வீட்டு வேலை, பலகாரம், விமான நிலையம் என்று நாள் ஓடிவிட்டது.

பூவை முன்கூட்டிப் போட்டு வைக்கவில்லை. சக்கரம் வந்த அன்று கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பேனா எடுக்கவில்லை. அண்ணன் நேற்று வந்தார். சாப்பிட்டு முடித்ததும் பெட்டியை அவர் முன்னால் வைத்தேன். திறந்தார், எடுத்தவுடன் புதுச் சக்கரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது எப்படி ராணி ஓட்டையில புள்ளி வந்துச்சு?" என்றார். இந்த இழையை முழுக்க அவருக்குப் படித்துக் காட்டினேன். தும்மின கதை வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். நான் தலைகீழாகப் பார்த்தேன் என்று எழுதிய இடத்தில் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் தரையில் பேப்பரை விரித்து, சின்ன வளையத்தை வைத்து, இரண்டு பக்கமும் தன் எட்டு விரலால் அழுத்திப் பிடித்தார். "நீ சுத்து" என்றார்.

63 சக்கரம் வளையத்துக்குள் 21 தடவை சுற்றி வந்தால்தான் பூ மூடும், டீச்சர் சொல்லிக் கொடுத்தார். பச்சைப் பேனா. என் கை ஏதோ கோயில் விளக்கைத் தூக்கிப் போகிற மாதிரி மெதுவாகப் போனது. அண்ணன் வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தார். 19ஆம் சுற்றில் பல் விட்டுவிட்டது, கோடு குறுக்கே ஓடிவிட்டது.

"பரவால்ல, வேற தாள் எடு" என்றார். வளையத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

படம் நாளைக்குப் போடுகிறேன், பல்சக்கரம் ஐயா. இரண்டாவது தாள் இன்னும் முடியவில்லை.